தோல் முந்தும், எலும்பு பிந்தும்: வெறுங்காலில் ஓடப் பழகுவது எப்படி?

மீனாட்சியம்மன் கோயில் பிராகாரத்தில் செருப்பின்றி நடந்தும், திருப்பரங்குன்றத்தில் கிரிவலம் வந்தும், தைப்பூசத்திற்குப் பழனிக்குப் பாதயாத்திரை போயும் பழகிய மதுரைக்காரர்கள் பலர், வெறுங்காலில் ஓடுவதும் அவற்றைப் போன்றதுதான் என்று எண்ணிவிடுகிறார்கள். நடக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொடும். எந்நேரமும் ஒரு காலாவது தரையில் ஊன்றியிருக்கும். ஓடும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடல் முழுவதும் தரையை விட்டு எழுந்து, ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. அந்த இறக்கத்தைத் தாங்க வேண்டிய கெண்டைக்கால் தசைகளும், குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாணும், விரல்களுக்குப் பின்னாலுள்ள மெல்லிய நீள எலும்புகளும் பல ஆண்டுகள் ஷூவின் பாதுகாப்பில் இருந்தவை. உள்ளங்கால் தோல் சில வாரங்களிலேயே உரமேறிவிடும். தசைநாணும் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நான்காவது வாரத்தில் கால் கூசாமல் இருந்த தைரியத்தில், வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரே மூச்சில் மூன்று சுற்று ஓடினேன். மறுநாள் இடது காலின் இரண்டாம் விரலுக்குப் பின்னே, புறங்காலில் புளியங்கொட்டை அளவுக்கு ஓரிடத்தில் மட்டும் விரல் வைத்தால் உயிர் போனது. எலும்பில் மயிரிழை விரிசல் என்றார் மருத்துவர். ஆறு வாரம் ஓட்டத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று. கெண்டைக்கால் முழுவதும் பரவலாக வலித்தால் அது பழக்கமின்மையால் வருவது, ஓய்வில் ஆறிவிடும். ஒரே புள்ளியில் குத்தும் வலி எலும்பின் வலி. அதைப் பொறுத்துக்கொண்டு ஓடவே கூடாது. இவ்வகை விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், படத்தில் ஒன்றுமில்லை என்றாலும் வலி இருக்கும்வரை நிறுத்திவைப்பதே சரி.

சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி மங்கியவர்கள் இந்தப் பயிற்சியில் இறங்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். வெறுங்கால் ஓட்டத்தில் நமக்கு வழிகாட்டுவது வலிதான். அது தெரியாத காலில் முள் தைத்தாலும் புண் ஆழமான பிறகே கண்ணில் படும். மற்றவர்களும் டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டுகள் ஆகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

மெத்தென்ற இடம்தான் தொடக்கத்திற்கு ஏற்றது என்று பலரும் வைகை மணலையோ புல்வெளியையோ தேடுகிறார்கள். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. மணலில் குதிகால் புதைவதால் தசைநாண் அளவுக்கு மீறி இழுபடுகிறது. ஆற்றுப்படுகையில் கண்ணாடிச் சில்லும் சீமைக்கருவேல முள்ளும் மறைந்து கிடக்கின்றன. புல்லுக்குள் நெருஞ்சி இருக்கும். அதோடு, மென்மையான தரை நம் தவற்றை மன்னித்துவிடுகிறது, கெட்டியான தரை உடனே கண்டிக்கிறது. கூட்டித் துப்புரவாக வைத்திருக்கும் கல்தளமோ சிமெண்ட் பாதையோதான் நல்ல ஆசான். தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர் என்பதால் தூரத்தைக் கணக்கிடுவதும் எளிது. வண்டிகள் பெருகுமுன் விடியற்காலையில் போய்விட வேண்டும்.

ஓடும் முறைதான் இதில் முதன்மையானது. காலை முன்னே நீட்டி எறியாமல், இடுப்புக்கு நேர் கீழே பாதம் விழும்படி சிறு அடிகளாக வைக்க வேண்டும். முன்பாதத்தின் வெளிவிளிம்பு முதலில் தொட்டு, அடுத்து முன்பாதம் முழுதும் படிந்து, கடைசியில் குதிகாலும் மெல்லத் தரையில் அமர வேண்டும். குதிகாலைத் தூக்கியே வைத்துக்கொண்டு நுனிக்காலில் ஓடுவது புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை; இரண்டே நாளில் கெண்டைக்கால் இறுகிப் படி இறங்க முடியாமல் போகும். 20 நொடிகளில் வலது கால் 28 முதல் 30 முறை தரையைத் தொட்டால் அடிகளின் வேகம் சரி. காதும் துணைசெய்யும்: ‘தொப் தொப்’ என்று கேட்டால் எடையைப் போட்டு இறங்குகிறீர்கள் என்று பொருள், பக்கத்தில் நடப்பவருக்கே கேட்காத அளவுக்கு ஓசை அடங்க வேண்டும். ஓடி முடித்ததும் படியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். பெருவிரலின் அடியில் கொப்புளம் இருந்தால் தரையை உந்தித் தள்ளுகிறீர்கள். உந்தாமல், சுடுதரையிலிருந்து எடுப்பதுபோல் பாதத்தை மேலே எடுக்கப் பழகினால் அது வராது.

முதல் இரண்டு வாரம் நாள்தோறும் 20 நிமிடம் வெறுங்காலில் நடந்தால் போதும். மூன்றாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நடையின் நடுவே தெப்பக்குளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் ஓடுங்கள். ஒரு கிலோமீட்டரை எட்டும்வரை வாரத்திற்கு 100 மீட்டரும், அதன் பிறகு வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கும் கூட்டலாம். ஏற்கெனவே ஷூ போட்டு 10 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் இதே கணக்குதான்; அவருடைய மூச்சு பழகியிருக்கிறதே ஒழியப் பாதம் பழகவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்ற எத்தியோப்பியர் அபேபே பிகிலாவை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவர் பயிற்சியிலேயே வெறுங்காலில் ஓடிப் பழகியவர். 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து இன்னும் விரைவாக ஓடி மறுபடியும் வென்றார். ஆகவே கையில் ஒரு ஜோடி ஷூ கொண்டுபோய், கால் தளர்ந்த இடத்தில் மாட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலையில் கால் வைக்கவே கூடாது. ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கின் செயற்கை ஓடுதளமும் அப்படியே கொதிக்கும். ஐப்பசி மழையில் தோல் ஊறி எளிதில் உரியும் என்பதால் தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். தேங்கிய நீரில் இறங்க வேண்டாம். வீடு திரும்பியதும் சோப்பால் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, வெளிச்சத்தில் பாதத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். நெருஞ்சி தைத்திருந்தால் அழுத்திப் பிதுக்காமல், தீயில் காட்டி ஆறவைத்த ஊசியால் தோலை லேசாக விலக்கி, தைத்த வாக்கிலேயே இழுத்தெடுங்கள். முனை உள்ளேயே முறிந்துவிட்டால் தோண்டாமல் மருத்துவரிடம் காட்டி எடுத்துக்கொண்டு, புண் ஆறும்வரை செருப்போடு நடங்கள்.