கைக் காயம் பார்க்கும் இளம் வைத்தியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரும் ஒவ்வொரு தொகுதிப் பயிற்சி வைத்தியர்களும் கைக் காயங்களில் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எங்கள் காலத்திலும் அப்படித்தான் இருந்தது. வலமா இடமா என்று சரிபார்ப்பது, டெட்டனஸ் ஊசி போடுவது எல்லாம் வார்ட்டில் மிஸ்மாரே சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சின்னக் காயம்தானே என்று தைத்து அனுப்புவது

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவன், புறக்கோட்டையில் துணிக்கடை வேலை. உடைந்த கண்ணாடியை இறுக்கிப் பிடித்ததில் சுட்டுவிரலின் உட்பக்கம் சிறு வெட்டு. ஓரிடத்தில் இரண்டு தையல் போட்டு, மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வரும்போது இரண்டு மாதம் கடந்திருந்தது. "புண்ணு ஆறிருச்சு சார். நுனி மட்டும் மடங்க மாட்டேங்குது. மூட்டைக்கு முடிச்சுப் போட முடியல, முதலாளி ஏசுறாரு" என்றான். தழும்பில் ஒரு குறையும் இல்லை. நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொன்னேன். அசையவில்லை. விரலின் ஒரு ஓரத்தில் உணர்ச்சியும் இல்லை.

கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்று நடு எலும்போடு முடிகிறது, மற்றது நுனி எலும்புவரை போகிறது. நுனிக்குப் போவது அறுந்தாலும் மற்றதை வைத்து விரல் மடங்கும். "விரலை மடக்கு" என்றதும் மடக்கிக் காட்டுகிறான், நீங்களும் 'அசைவு சரி' என்று எழுதிவிடுகிறீர்கள். பெரும்பகுதி அறுந்த நாண்கூட அன்றைக்கு வேலை செய்யும், சில நாளில் விட்டுவிடும். எதிர்த்துப் பிடித்து மடக்கச் சொல்லும்போது வலித்தால் சந்தேகப்படுங்கள். காயத்துக்குள் எட்டிப் பார்த்தாலும் ஏமாறலாம். மடங்கிய விரலில் வெட்டு விழுந்திருந்தால், விரலை நீட்டியதும் அறுந்த இடம் தோல் காயத்தைத் தாண்டிப் போய்விடும். உங்கள் கண்ணுக்கு முழு நாண்தான் தெரியும்.

ஆகவே முதலில் கையைத் தொடாமல் பாருங்கள். உள்ளங்கை மேலே இருக்க, தளர்ந்த கையில் சுட்டுவிரலில் இருந்து சின்னவிரல்வரை மடிப்பு வரவரக் கூடும். ஒரு விரல் மட்டும் வரிசையை விட்டு நீட்டிக்கொண்டிருந்தால் நாண் போய்விட்டது. குழந்தைக்கும், உங்கள் மொழி தெரியாத நோயாளிக்கும் இது போதும். கொழும்பில் சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியரும் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளியும் நாளாந்தம் சந்திக்கிறார்கள். சொல்லிப் புரியாவிட்டால் உங்கள் விரலை மடக்கிக் காட்டுங்கள். பிறகு நடு மூட்டைப் பிடித்து நுனியைச் சோதியுங்கள். அடுத்து, மற்ற விரல்களை நீட்டிப் பிடித்து நடு மூட்டைச் சோதியுங்கள் (சுட்டுவிரலில் இந்த இரண்டாவது சோதனையை நம்ப வேண்டாம்). விறைப்பு ஊசி போடுவதற்கு முன்பே விரல் நுனியின் இரு ஓரங்களிலும் உணர்ச்சியைப் பாருங்கள். ஊசிக்குப் பிறகு அந்தத் தகவல் உங்களுக்குக் கிடைக்காது.

உள்ளங்கையின் முன்மடிப்பில் இருந்து விரலின் நடுப்பகுதிவரை உள்ள இடத்தில் அறுந்த நாணை உடனே தைக்கக் கூடாது என்றுதான் அமெரிக்கக் கைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டேர்லிங் பன்னல் காலத்தில் கற்பித்தார்கள். 1960களில் இன்னொரு அமெரிக்கக் கை நிபுணரான கிளைனர்ட்டின் குழுவினர் உடனே தைத்தே நல்ல பலன் காட்டினார்கள். இன்று முதல் சில நாட்களுக்குள் அனுப்பினால் ஒரே சத்திரசிகிச்சையில் முடியலாம். பிந்தினால் நாணின் முனை உள்ளங்கைக்குள் இழுபட்டு வீங்கிவிடும், அதன் உறையும் சுருங்கிவிடும். அந்தப் பையனுக்கு மிஞ்சியது இரண்டு வழி: பல மாதம் நீளும் நாண் ஒட்டுச் சிகிச்சை, அல்லது நுனி மூட்டை அசையாமல் பொருத்துவது. வேலை போய்விடும் என்று இரண்டாவதைக் கேட்டான்.

நள்ளிரவில் நீங்களே நாணைத் தைக்க வேண்டியதில்லை. கழுவுங்கள், தோலை மூடுங்கள், அணை (ஸ்ப்ளின்ட்) வைத்துக் கட்டுங்கள், உரிய இடத்துக்கு அனுப்புங்கள்.

விரல்களை நீட்டிவைத்துத் தட்டையாகக் கட்டுவது

கட்ட வேண்டிய நிலை இது: மணிக்கட்டு 20–30 பாகை பின்னால், விரல்களின் அடி மூட்டு 70 பாகைக்குக் குறையாமல் மடங்கி, மற்ற மூட்டுகள் நேராக. அடி மூட்டின் பக்கத் தசைநார்கள் மடங்கும்போதுதான் இழுபட்டு நிற்கும். நேராக வைத்துக் கட்டினால் அவை சுருங்கிவிடும், பிறகு முட்டி பிடிக்க முடியாது. எலும்பு அழகாகப் பொருந்தியும் பயன்படாத கைகளைக் கிளினிக்கில் பார்க்கிறேன்.

துண்டான விரலை ஐஸுக்குள் போடுவது

சேலைனில் நனைத்த துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். விரலில் தசை இல்லாததால் குளிர்ச்சியில் ஒரு நாள்வரைகூடத் தாங்கும். மலையகத்தில் இருந்து வருகிறவர்களுக்கும் வாய்ப்பு உண்டு.

கிரீஸ் கன், பெயின்ட் ஸ்ப்ரே குத்திய துளை

ஊசி முனையளவு இருந்தாலும் அன்றே சத்திரசிகிச்சைத் தியேட்டர்.

தொழிலைக் கேட்காமல் விடுவது

பி.எச்.ரி.யின் (நோயாளியின் வார்ட் குறிப்பேடு) முதல் வரியிலேயே தொழிலும் எந்தக் கைப் பழக்கம் என்பதும் இருக்க வேண்டும். வெள்ளவத்தைத் தையல்காரருக்கும் கொத்து ரொட்டி போடுகிறவருக்கும் ஒரே விரல் ஒரே விரல் அல்ல. நாண் தைத்த பிறகு சுமார் ஆறு வாரம் அணை, முழுப் பாரம் தூக்க மூன்று மாதம். நாட்கூலிக்காரர் மூன்றாம் வாரமே அணையைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போவார், நாணும் அறும். அவரைத் திட்டிப் பயனில்லை. வீட்டில் வேறு யார் உழைக்கிறார்கள், பிசியோவுக்கு யார் கூட்டி வருவார்கள், பஸ் செலவு என்ன என்பதை சத்திரசிகிச்சைக்கு முன்பே, வீட்டாரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மோதிரம்

கை வீங்குமுன் கழற்றுங்கள்.