குற்ற வழக்கின் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் வழி

தீர்ப்பில் கையெழுத்திட்டபின், எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் திருத்துவதைத் தவிர, அதே நீதிமன்றம் பொதுவாக அதில் எதையும் மாற்ற முடியாது என்று இந்தியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023-இன் 403-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே தண்டித்த நீதிபதியிடமே மீண்டும் மனுச் செய்து நாட்களை இழக்காமல், மேல்முறையீட்டுக்கு ஆயத்தமாக வேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விதித்த தண்டனையை எதிர்த்துப் பெரும்பாலும் அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்திலும், அமர்வு நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம். ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை எனில், எந்த நீதிமன்றம் விதித்திருந்தாலும் உயர் நீதிமன்றமே உரிய இடம்.

சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீடு செய்ய உயர் நீதிமன்றத்துக்கு 60 நாட்கள், பிற நீதிமன்றங்களுக்கு 30 நாட்கள் என்பது கெடு. மரண தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்லவும் 30 நாட்களே உண்டு. கெடு கடந்திருந்தாலும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை உரிய காரணத்துடன் இணைத்துத் தாக்கல் செய்யலாம். சிறையில் இருப்பவர் வழக்கறிஞர் இல்லையே என்று கலங்க வேண்டாம். சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீட்டை அனுப்ப சட்டம் இடமளிக்கிறது. அதே சட்டத்தின் 430-ஆம் பிரிவின் கீழ், மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவையும் உடன் தாக்கல் செய்வது நல்லது.

மேல்முறையீட்டுக் காரணங்களை எழுதும் இடத்தில்தான் பல வழக்குகள் நலிகின்றன. விசாரணையில் நடைமுறைக் குறை இருந்தது என்று காட்டுவது மட்டும் போதாது. அக்குறையால் நீதி பிறழ்ந்தது என்றும் நிறுவினாலன்றி, 511-ஆம் பிரிவின்படி தீர்ப்பு ரத்தாகாது. சான்றாக, தமக்கு எதிரான ஒரு முக்கியச் சாட்சியம் குறித்து விளக்கம் கேட்கப்படாமலே ஒருவர் தண்டிக்கப்பட்டிருந்தால், கேட்டிருந்தால் அவர் என்ன விளக்கம் தந்திருப்பார், அது தீர்ப்பை எப்படி மாற்றியிருக்கும் என்பதையும் எழுத வேண்டும். அந்த ஆட்சேபத்தை விசாரணையின்போதே எழுப்பியிருக்க முடியுமா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். சாட்சியத்தைத் தவறாக மதிப்பிட்டது என்பது உங்கள் வாதமானால், எந்தச் சாட்சி, எந்தக் கூற்று, குறுக்கு விசாரணையில் எங்கே முரண்பட்டது என்று குறிப்பிடுங்கள்; "தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியங்களுக்கும் முரணானது" என்னும் பொதுவாசகம் எதையும் நிறுவாது.

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், பெரும்பாலும் தண்டனையின் அளவையும் சட்டப்படியான செல்லுபடியையும் மட்டுமே எதிர்க்க முடியும்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை அளிக்கலாம், மறுவிசாரணைக்கு உத்தரவிடலாம், தண்டனையைக் குறைக்கலாம். மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. ஆனால் தண்டிக்கப்பட்டவரே தொடுத்த மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட 427-ஆம் பிரிவு இடம் தரவில்லை. கூடுதல் தண்டனை கோரி அரசுத் தரப்பு தனியே மேல்முறையீடு செய்திருந்தால் நிலைமை வேறு என்பதால், அப்படி ஏதும் தாக்கலாகியுள்ளதா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள்.