டர்னில் ரெய்ஸ் வந்தால் ஏஸ்-கிங்கை எப்போது விடுவது

டெக்சஸ் ஹோல்டெம் போக்கரில், 2 சென்ட், 5 சென்ட் (கட்டாய முன்பந்தயங்கள்) மேசையில் முழு ஸ்டேக்கும் (மேசையில் வைத்த பணம்) போன ஆட்டங்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பலவற்றில் உங்களிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல ஜோடிதான்.

இருவரிடமும் 5 டாலர். ஏஸோடு டைமண்ட் கிங் வைத்து 15 சென்ட்டுக்கு ஏற்றுகிறீர்கள். பிக் பிளைண்ட் (5 சென்ட் முன்பந்தயம் போட்டவர்) மட்டும் கால் (ஈடாகப் பணம் போடுவது). பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 32 சென்ட். ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) கிங், 9, 4, மூன்றும் வெவ்வேறு இனம். 20 சென்ட் போடுகிறீர்கள், கால். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) டைமண்ட் 7, அது நான்காவது இனம். நீங்கள் 50 சென்ட் போட, அவர் 1.50 டாலர் ஆக்குகிறார்; இதுதான் ரெய்ஸ்.

பாட்டில் 2.72 இருக்கிறது, போட வேண்டியது 1 டாலர். 27 சதவீதம் வென்றாலே கட்டுப்படியாகும் என்று தோன்றும். பலர் சறுக்குவது இங்கேதான். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) மிச்சம் 3.15-ஐயும் அவர் தள்ளுவார். அப்போது நீங்கள் போடுவது மொத்தம் 4.15, பாட் 10.02. தேவை 41 சதவீதம்.

இனி அவர் சீட்டை எண்ணுங்கள். 9, 7, 4 செட்டுகள் (கையில் ஜோடி, மூன்றாவது மேசையில்) தலா 3 விதம், ஆக 9. இரண்டு ஜோடி தரும் ஒரே இனத்து கிங்-9, கிங்-7, 9-7 சேர்ந்து 5. இந்த 14-இலும் நீங்கள் பின்னால். செட் என்றால் உங்களைக் காப்பாற்றும் ரிவர் சீட்டு ஒன்றுகூட இல்லை. நீங்கள் முந்துவது, ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையாக ஐந்து எண்) ஒரு சீட்டு குறையும் ஒரே இனத்து 10-8, 4 விதம். கிங்-குயீனும் 8 விதம் உண்டு, ஆனால் இந்த மேசையில் அதை வைத்து கால் செய்வார்களே தவிர ரெய்ஸ் செய்வது அரிது. அதில் பாதியைச் சேர்த்தாலும் 22-இல் 8, அதாவது 36 சதவீதம். விடுங்கள்.

டர்ன் விழும்போது எதிரியிடம் 1.50-க்குக் கீழே இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. பயப்படாமல் கால் செய்யலாம். ஃபிளாப்பில் ஒரே இனம் இரண்டு விழுந்திருந்தால் டிரா (ஒரு சீட்டுக்குக் காத்திருக்கும் கை) கூடும், அப்போதும் அவசரப்பட்டு விடாதீர்கள். எதற்கெடுத்தாலும் ரெய்ஸ் செய்கிறவர் என்று பல கைகளில் பார்த்துக் குறித்து வைத்திருந்தால் கால்தான். செட்டை மட்டும் இப்படி எறியாதீர்கள்: எதிரி ஸ்ட்ரெயிட் அடித்திருந்தாலும் 10 சீட்டு உங்களைத் தூக்கிவிடும்.

ரிவர் ரெய்ஸுக்கு நீளக் கணக்கு வேண்டாம். ஒரு ஜோடி என்றால் விட்டுவிடுங்கள்.

கோலாலம்பூரில் இரவு 9 மணி என்றால் லண்டனில் மதியம் 1 அல்லது 2. வேலை முடிந்து ஐரோப்பியர்கள் உட்காரும்போது இங்கே நடுநிசி தாண்டிவிடும். தூக்கக் கண்ணோடு ‘பார்த்துவிடலாம்’ என்று கால் அமுக்கத் தொடங்கினால், அந்தக் கையோடு மேசையை மூடுங்கள்.