மார்கழிப் பனியில் மக்காச்சோளம்: விதையைக் குறை சொல்லும் முன்பு

கார்த்திகைக் கடைசியில் ஊன்றிய மக்காச்சோளம் மார்கழிப் பனியில் ஊதா நிறமாக நின்றால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். தாளவாடி மாதிரி மேட்டுப்பாங்கான ஊர்களில் இது அடிக்கடி நடப்பதுதான். "இந்த ரகம் குளிர் தாங்காது" என்று உடனே முடிவு கட்டுவதுதான் முதல் தப்பு.

அந்த ஊதா, ஆந்தோசயனின் என்ற நிறமி. மண் குளிர்ந்தால் வேர் ஓடாது, மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழுக்காது. இலை தயாரித்த சர்க்கரை செலவாகாமல் தேங்கி, நிறமி கூடும். இந்த நிறத்தை உண்டாக்கும் மரபணுக்கள் சில வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகங்களில் நன்றாக வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. பக்கத்துத் தோட்டத்துப் பயிர் பச்சையாக இருப்பதால் மட்டும் அது பனியைத் தாங்கும் ரகம் ஆகிவிடாது. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். புது வேர் வெள்ளை வெளேரென்று கிளம்பி, குருத்தும் உறுதியாக இருந்தால் வெயில் ஏறியதும் தேறிவிடும். ஐந்தாறு இலை வரும்வரை வளரும் நுனி மண்ணுக்குள்தான் இருக்கிறது, பனி அதை எளிதில் தொடாது.

வெளுத்த மஞ்சள்தான் கவனிக்க வேண்டிய நிறம். மக்காச்சோளத்தின் பூர்வீகம் மெக்சிகோவின் வெப்பமான பள்ளத்தாக்கு. 15 டிகிரிக்குக் கீழே புது இலையில் பச்சையம் சரியாகப் பிடிக்காது. குளிர்ந்த இரவுக்கு அடுத்த நாள் காலையிலேயே வெயில் பளிச்சென்று அடித்தால் இன்னும் மோசம். வரும் ஒளியைப் பயன்படுத்த முடியாமல் இலையே பழுதாகும். இதைச் சமாளிப்பதில்தான் ரகத்துக்கு ரகம் உண்மையான வித்தியாசம் தெரியும்.

சரி, "பனி தாங்கும் மரபணு" என்று ஒன்று இருக்கிறதா? அப்படி ஒற்றை மரபணுவைத் தேடக்கூடாது. பத்து குரோமோசோம்களிலும் சிதறிக் கிடக்கும் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து கொடுக்கும் குணம் இது. குளிரில் முளைக்க உதவுபவை வேறு, குளிரில் இலையை வளர்ப்பவை பெரும்பாலும் வேறு. முளைப்பு நன்றாக இருந்தது என்பதற்காக இளம்பயிரும் தாங்கும் என்று நம்ப முடியாது. மூன்றாவது இலை வரை செடி விதையில் இருக்கும் சேமிப்பில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. அதனால் பழைய விதையையும் புது விதையையும் பக்கத்தில் பக்கத்தில் ஊன்றி ரகங்களை ஒப்பிட்டால் விதையின் வயதைத்தான் அளக்கிறோம்.

வீரிய ஒட்டுப் பயிரில் விதை எடுத்து மறுபடி ஊன்றுவதும் வேண்டாம். மரபணுக்கள் பிரிந்து, ஒரே வரிசையில் ஒரு செடி திடமாகவும் அடுத்தது சோனியாகவும் வரும். ஐரோப்பாவின் கெட்டிமணி (மணி கடினமாக இருக்கும் 'ஃபிளின்ட்') ரகங்கள் குளிரைத் தாங்கும் என்று கேள்விப்பட்டு அதைத் தேடுவதும் வீண். நம் ஊரில் அவை செடி சிறுத்திருக்கும்போதே பூத்துவிடும். அவை வேண்டியது ரகம் உருவாக்குபவர்களுக்கு, அதுவும் நம் ரகங்களோடு கலக்க.

அப்புறம், பல்லடம், உடுமலைச் சமவெளியில் மார்கழி இரவே பெரும்பாலும் 18 டிகிரிக்கு மேல்தான். அங்கே குருத்து வெளுத்தால் பனியை விடுங்கள். சுண்ணாம்பு மண்ணில் துத்தநாகம் குறைந்தால் நடுநரம்பின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை விழும். அடியுரத்தோடு ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் போட்டோமா என்று முதலில் பாருங்கள்.