பிச்சாவரம் போகிறீர்களா? துடுப்புப் படகு கேளுங்கள்

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அலையாத்திக் காடான பிச்சாவரம் போய்விட்டு வந்து "வெறும் மரமும் தண்ணியும்தானே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் நான் கேட்பது ரெண்டே கேள்விதான்: எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்தப் படகில் போனீர்கள்? முக்கால்வாசிப் பேர் நடராஜரைப் பார்த்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, உச்சி வெயிலில் மோட்டார் படகில் ஏறியிருப்பார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான். படம் எடுக்க நீட்டிய போன் சூடேறி அணைந்துபோனதுதான் மிச்சம்.

அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முந்தின ராத்திரியே சிதம்பரம் வந்து தங்கிவிட்டு, காலையில் காடு, மாலையில் கோயில். எப்படியும் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆட்டோ என்றால் திரும்பி வருவதையும் சேர்த்தே பேசிவிடுங்கள். படகுத்துறையை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். கவுன்ட்டர் திறக்கும்போதே போய் நின்றால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. காணும் பொங்கலன்று மட்டும் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மோட்டார் படகு அகலமான கால்வாயில்தான் ஓடும், காட்டின் வேலியைச் சுற்றிவிட்டு வந்த மாதிரி இருக்கும், அதன் சத்தத்துக்கு ஒரு கொக்குகூட உட்கார்ந்திருக்காது. துடுப்புப் படகுதான் கிளைகள் தலையில் இடிக்கிற அளவுக்குக் குறுகலான ஓடைகளுக்குள் நுழையும். சீட்டு வாங்கும்போதே எத்தனை மணி நேரம், உள் ஓடைக்குப் போகுமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கழிப்பறைக்குப் போவதென்றால் கரையிலேயே போய்விட்டு ஏறுங்கள், நடுவில் இறங்க இடம் கிடையாது.

உள்ளே போனதும் படகுக்காரரிடம் அஞ்சு நிமிஷம் துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள், அண்ணன் சிரித்துக்கொண்டே நிறுத்துவார். குடை விரித்த மாதிரி வளைந்து வளைந்து தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிறதே, அது சுரபுன்னை. அதன் கிளைகளைப் பாருங்கள், குட்டி முருங்கைக்காய் மாதிரி பச்சையாகத் தொங்குவது காய் இல்லை, மரத்திலேயே விதை முளைத்து வளர்ந்த கன்று. கீழே விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் மிதந்து போய் வேறெங்காவது ஊன்றிக்கொள்ளும். கரையோரச் சேற்றில் ஆணி அடித்து வைத்த மாதிரி நூற்றுக்கணக்கில் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் வேரே மேலே வந்து மூச்சு வாங்குகிறது. அந்த மரத்து இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும், உறிஞ்சிய உப்பை இலை வழியாகத்தான் கக்குகிறது.

ஆனால் எந்த மரம் என்று படகுக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள், ஏனென்றால் பக்கத்திலேயே தில்லையும் நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான அதே மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கொஞ்ச காலத்துக்குப் போய்விடக்கூடும், தோலில் பட்டால் கொப்புளம். உதிரும் முன் இலை சிவந்து அழகாகத்தான் இருக்கும், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடி, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர் மக்களைப் பார்க்க நேரலாம். அது அவர்களுடைய பிழைப்பு. கேட்காமல் போனை நீட்டாதீர்கள், படகை அவர்கள் பக்கத்தில் கொண்டுபோகவும் சொல்லாதீர்கள்.

2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு, கடலைப் பார்த்து மணல்திட்டில் இருந்த எம்ஜிஆர் திட்டு என்கிற மீனவர் ஊர் அழிந்துபோனது. படகோட்டிகளில் வயதானவர் யாராவது வாய்த்தால் மெதுவாகக் கேளுங்கள், அவர்கள் சொல்லக் கேட்பதே வேறு. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதையெல்லாம் பலகையிலேயே படித்துக்கொள்ளலாம்.

பறவை பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. அதற்கு முந்தின ரெண்டு மாசம் வடகிழக்கு மழை, புயல் சின்னம் என்றால் படகு விடமாட்டார்கள். தொப்பி, பருத்திச் சட்டை, வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர், இருந்தால் பைனாகுலர். சிப்ஸ் பாக்கெட் வேண்டாம், காற்றில் பறந்து வேரில் மாட்டினால் எடுக்கவே முடியாது.

கரையேறினால் நல்ல பசி எடுக்கும். சிதம்பரம் திரும்பி இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு கேளுங்கள், சாம்பார் ஊற்ற வந்தால் இலையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.