கடலோரத்தில் மின்சார கார்: முதலில் எர்த்தைப் பாருங்கள்

மண்டபம், கீழக்கரை, இராமேஸ்வரம் பக்கம் மின்சார கார் வாங்க நினைப்பவர்கள், ஷோரூமுக்குப் போகும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தை, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பை, டெஸ்ட் செய்துவிடுங்கள். நம் மணல் கோடையில் காய்ந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது. எர்த் இல்லையென்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஈரம் காயாமல் வைத்திருங்கள்.

சரி, செலவு. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6, 7 கி.மீ. ஓடும். மாதம் 1,000 கி.மீ. என்றால் இரண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடும். வீட்டு உபயோகத்தோடு சேர்த்து மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழுள்ள யூனிட்டுகள் சிலவற்றின் ரேட்டும் ஏறும். வாங்கும்போது பலரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படியும் பெட்ரோல் செலவில் பாதிகூட வராது. மின்சார காருக்கு ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான்.

அப்புறம் உப்புக்காற்று. தனுஷ்கோடி போய்வந்தால் அன்றே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். சார்ஜிங் மூடியின் ரப்பரைத் துடைத்து வையுங்கள். மூடிக்குள் இருக்கும் உலோகப் பின்களில் பச்சை பூத்திருந்தால் சார்ஜ் போடவே கூடாது, சர்வீஸில் காட்டுங்கள்.

இராமேஸ்வரத்திலிருந்து மதுரை போய்வர சுமார் 340 கி.மீ. சின்ன பேட்டரி வண்டி என்றால் மதுரையில் சார்ஜ் போட நேரம் ஒதுக்கிக்கொண்டு கிளம்புங்கள்.