பின்சக்கரம் கழற்றக் கடைக்குப் போக வேண்டாம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. எங்கள் தேவனாம்பட்டினம் தெருவில் பல நாள் கரன்ட் இல்லை. அந்த நேரம் பார்த்து என் ஸ்ப்ளெண்டரின் பின்சக்கரம் பஞ்சர். விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே பைக்கைத் தள்ள வழியில்லை. சக்கரத்தை மட்டும் கழற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஜெனரேட்டர் ஓடிய மஞ்சக்குப்பம் கடைக்கு எடுத்துப் போனேன். அன்று பழகியது, இப்போது பிரேக் ஷூ மாற்றக்கூட நானேதான்.

பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் இரண்டு, கொறடு, சுத்தியல், மரக்கட்டை, கொஞ்சம் கிரீஸ். சக்கரத்தின் நடுவே ஓடும் இரும்புத் தண்டுதான் ஆக்ஸில். ஓப்பன் ஸ்பேனரை ஆக்ஸில் நட்டில் போடாதீர்கள். அது வழுக்கி நட்டின் முனைகளை மழுக்கிவிடும். அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

பைக் தரையில் நிற்கும்போதே ஆக்ஸில் நட்டை ஒரு சுற்று இளக்கிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு முழு பலத்தில் இழுத்தால் வண்டி முன்னால் உருண்டு சாயும். இளக்கிய பிறகு, ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் ஓர் அகலமான பலகை வைத்து ஏற்றுங்கள். சக்கரம் மட்கார்டில் இடிக்காமல் வெளியே வர அந்த உயரம் போதும்.

அடுத்தது பிரேக் ராடு நட்டு. கழற்றியதும் அதையும் ஸ்பிரிங்கையும் ராடிலேயே மாட்டி வைத்தால் தொலையாது. பிறகு, பிரேக் தட்டைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும் டார்க் ராடின் நட்டையும் அதிலுள்ள ஊசிப் பின்னையும் கழற்றுங்கள். செயின் பக்கம் பெரிய நட்டு ஒன்று தனியாக இருக்கும். அது ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தைப் பிடித்திருப்பது, தொடவே வேண்டாம். செயினும் அதன் இறுக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரும் இருந்தபடி இருக்கட்டும்.

இனி ஆக்ஸிலை உருவ வேண்டும். கடற்கரை ஊரில் நம்மைப் படுத்துவது இதுதான். உப்புக்காற்றில் ஆக்ஸில், அது நுழையும் புஷ் என்ற குழலோடு ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைப்பேன். மறுநாளும் வரவில்லையென்றால், நட்டை ஆக்ஸில் முனைக்குச் சமமாகத் திருகி, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டுவேன். வெறும் முனையில் சுத்தியல் விழுந்தால் மரை நசுங்கிப்போகும். ஒருமுறை அவசரத்தில் அப்படி அடித்து, ஆக்ஸிலே புதிதாக வாங்கினேன்.

ஆக்ஸில் வந்ததும், அதில் கோத்திருந்த காலர் என்ற சின்ன இரும்பு வளையம் கீழே விழும். எந்தப் பக்கம், எந்த முகம் வெளியே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகள் ஒருநாள், "அப்பா, இது எங்கே போகும்?" என்று ஒரு காலரைக் கையில் காட்டினாள். நானோ எல்லாம் பூட்டிக் கையும் கழுவியிருந்தேன்! மறுபடி முதலிலிருந்து.

சக்கரத்தை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து பக்கவாட்டில் இழுத்தால், இரண்டுக்கும் இடையே இருக்கும் ரப்பரை விட்டுக் கழன்று வரும். பைக்கை ஒருவர் சாய்த்துப் பிடித்தால் சக்கரம் உருண்டு வெளியே வந்துவிடும். பிரேக் ஷூ உரசும் டிரம்மில் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பூட்டும்போது ஆக்ஸிலைத் துருபோகத் தேய்த்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் டிரம்முக்குள் போகக் கூடாது. டார்க் ராடை மறந்தால் பிரேக் மிதித்த நொடியில் தட்டே சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்தப் பின்னைப் புதிதாகவே போடுங்கள், சில்லறைக் காசுதான்.

கடைசியில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, பிரேக் பெடலை நாலு தடவை மிதித்து, ராடு நட்டைத் திருகி இழுப்பைச் சரிசெய்யுங்கள். பின்விளக்கு எரிகிறதா என்பதை மகள்தான் பின்னால் நின்று சொல்வாள்.